மாணவர் அந்தரங்கமும் பெற்றோருக்கு அறிவித்தலும்: பால்நிலை, பாலியல் ஈர்ப்பு தொடர்பான பாடசாலைச் சட்டங்களின் வரலாறு

பாடசாலை மாணவர் ஒருவரின் பாலியல் ஈர்ப்போ பால்நிலை அடையாளமோ ஆசிரியருக்குத் தெரியவரும்போது, அதைப் பெற்றோருக்கு அறிவிப்பதா, அந்தரங்கமாகக் காப்பதா என்ற கேள்வி கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளில் சட்டப் பிரச்சினையாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களும் கனடாவின் சில மாகாணங்களும் இதற்கெனத் தனிச் சட்டங்களை இயற்றியுள்ளன. தமிழ்நாட்டில் நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆகவே புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லு போன்ற ஓர் ஊரில் இந்த முடிவு அதிபரின் அல்லது வகுப்பாசிரியரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. ஒரு பிள்ளையின் பாதுகாப்பு தனி ஒருவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

பொருளும் எல்லையும்

இவ்விடயத்தில் மூன்று சங்கதிகள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. முதலாவது அடையாளம்: பிள்ளை தன்னை யாராக உணர்கிறது, யார் மீது ஈர்ப்புக் கொள்கிறது என்பது. இரண்டாவது நடத்தை: வகுப்பில் சண்டை, வரவின்மை, ஒழுக்காற்று விசாரணை போன்றவை. மூன்றாவது ஆபத்து: துஷ்பிரயோகம், தற்கொலை எண்ணம், வன்முறை. நடத்தை பற்றிப் பெற்றோருக்குச் சொல்வது பாடசாலையின் வழமையான கடமை. ஆபத்து என்றால் உரிய அதிகாரிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அதற்காகவே இருக்கிறது. சட்டங்கள் மோதுவது முதலாவது சங்கதியில்தான். தவறேதும் செய்யாத, ஆபத்தேதும் இல்லாத ஒரு பிள்ளை, நம்பிக்கையோடு ஆசிரியரிடம் சொன்ன ஒன்றை வீட்டுக்குச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு?

வண்ணாத்திவில்லுச் சூழல்

வண்ணாத்திவில்லு, புத்தளம் நகருக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் தெற்கெல்லையை ஒட்டி அமைந்த பிரதேச செயலாளர் பிரிவு. கலா ஓயா கடலேரியில் கலக்கும் கங்கேவாடியா, மன்னார் வீதியிலுள்ள எழுவன்குளம், சுண்ணக்கல் அகழப்படும் அறுவைக்காடு ஆகியவை இப்பகுதியைச் சேர்ந்தவை. மீன்பிடியும் மரமுந்திரியும் இங்குள்ளோரின் பிழைப்பு. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மாவட்டம் இது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து குடியேறியதும் புத்தளம் மாவட்டத்தில்தான்.

இத்தகைய ஊரில் அந்தரங்கம் என்பதன் கனம் நகரத்தில் உள்ளதைவிட வேறானது. ஆசிரியர், பள்ளிவாசல் நிர்வாகி, கோயில் தர்மகர்த்தா, கடை முதலாளி எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பிள்ளையின் தாய்க்கு மட்டும் என்று சொல்லப்பட்ட சேதி மாமாவுக்கும் சாச்சாவுக்கும் போய்ச்சேர அதிக நேரம் ஆகாது. பிள்ளை வேறு பாடசாலைக்கு மாறுவதென்றால் புத்தளம் நகருக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கும் இதே உறவுகள்தான். பெண்பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது 1995 முதல் 18 ஆக இருந்தாலும், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதை நிர்ணயிக்கவில்லை. பதறிப்போன குடும்பம் அவசரக் கல்யாணத்தைப் பரிகாரமாக நினைத்தால் அதைத் தடுக்க அச்சட்டத்தில் வழி இல்லை. இதை மாற்றக் கோரிப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்துவருபவர்களில் புத்தளத்து முஸ்லிம் பெண்களும் முன்னணியில் நிற்கிறார்கள்.

குற்றவியல் பின்னணி

இலங்கையில் இப்பிரச்சினையின் வேர் பிரித்தானியர் ஆட்சியில் இருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உடலுறவுக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. 365அ பிரிவு, இருவரிடையேயான ‘பாரதூரமான இழிசெயல்’ என்பதற்கு ஈராண்டு வரை சிறை விதிக்கிறது. முன்பு ஆண்களை மட்டும் குறித்த 365அ பிரிவு, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் பெண்களையும் உள்ளடக்கும்படி விரிந்தது. பாலியல் சம்மத வயதை 12இலிருந்து 16ஆக உயர்த்திய நல்ல திருத்தமும் அதே சட்டத்தில்தான் வந்தது.

இப்பிரிவுகள் தண்டிப்பது செயலை, அடையாளத்தை அல்ல. ஆனால் பாடசாலை அறைகளில் இந்த வேறுபாடு நிலைப்பதில்லை. ஒரு மாணவன் தன் மனத்தைச் சொன்னதுமே ‘குற்றம்’ என்ற சொல் முன்னே வந்து நிற்கிறது. அந்தரங்கம் காக்க நினைக்கும் ஆசிரியருக்குக்கூட, குற்றத்துக்குத் துணைபோகிறோமோ என்ற அச்சம் எழுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அந்த உண்மை பல ஆசிரியர் அறைகளுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

சிறுவர் உரிமை என்னும் அடித்தளம்

பெற்றோரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்ற கருத்து சட்டத்தில் உறுதிப்பட்டது 1985இல். பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்குப் பெற்றோரின் சம்மதமின்றிக் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்ற சுகாதாரத் திணைக்களச் சுற்றறிக்கையை எதிர்த்து விக்டோரியா கில்லிக் என்ற தாய் இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். பிரபுக்கள் சபை அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. போதிய புரிதலும் அறிவும் உள்ள பிள்ளை சில முடிவுகளைத் தானே எடுக்கலாம் என்றும், பிள்ளை வளர வளரப் பெற்றோரின் அதிகாரம் சுருங்குகிறது என்றும் அது தீர்ப்பளித்தது. மருத்துவம் தொடர்பான அத்தீர்ப்பு, பின்னர் பாடசாலை நெறிமுறைகளிலும் மேற்கோள் காட்டப்பட்டது.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயம் இக்கருத்தை உலகளாவியதாக்கியது. அதன் 5ஆம் உறுப்புரை, பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு ஏற்ற வழிகாட்டலை வழங்கும் பொறுப்பைப் பெற்றோருக்குத் தருகிறது. 12ஆம் உறுப்புரை பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடுவதைத் தடுக்கிறது. இலங்கை 1991இல் இச்சமவாயத்தை ஏற்று, மறுவருடம் சிறுவர் சாசனத்தை வெளியிட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உருவாக்கியது. பிள்ளையின் அந்தரங்கம் மேலைநாட்டுச் சரக்கு என்று சொல்வோர், இந்த நாடே முப்பதாண்டுகளுக்கு முன் ஒப்பமிட்டுத் தந்த வாக்குறுதியை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கா

1974இல் அமெரிக்கா இயற்றிய குடும்பக் கல்வி உரிமைகள், அந்தரங்கச் சட்டம் இத்துறையின் முதல் பெரிய சட்டம். பிள்ளையின் கல்விப் பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமையை அது பெற்றோருக்குக் கொடுத்தது. 18 வயதில் அந்த உரிமை மாணவருக்கு மாறும். ஆசிரியர் ஒருவர் தன் நினைவுக்காக எழுதி, எவருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்பு பதிவேடாகக் கருதப்படுவதில்லை. பாடசாலை இரகசியம் காப்பதைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டம் அது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலேயே இரகசியம் இருக்கலாம் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது ஒரு மரணம். 1997 ஏப்ரலில், பென்சில்வேனியா மாநிலத்தின் மைனர்ஸ்வில் என்ற சிற்றூரில், நிறுத்திவைத்த காரில் இருந்த இரு இளைஞர்களைப் பொலிஸார் மது அருந்தியதற்காகப் பிடித்தனர். அவர்களில் ஒருவர் 18 வயது மாணவர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை அவரே பாட்டனாரிடம் சொல்ல வேண்டும், இல்லையேல் தானே சொல்லிவிடுவேன் என்று ஒரு பொலிஸ் அதிகாரி மிரட்டினார். வீடு திரும்பிய அந்த இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒருவருடைய பாலியல் ஈர்ப்பு அரசியலமைப்பு காக்கும் அந்தரங்கம் என்றும், அதை வெளியிடப்போவதாக மிரட்டுவதே அந்த உரிமையை மீறுவதாகும் என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் கூறியது. குடும்பத்துக்குள் சொல்வது என்ற ஒரே செயல் என்ன விளைவைத் தரக்கூடும் என்பதை இவ்வழக்கு உலகுக்குக் காட்டியது.

2007இல் கலிபோர்னியாவின் கார்டன் குரோவ் பாடசாலை பற்றிய வழக்கு இன்னொரு கோணத்தைக் காட்டியது. ஒரு மாணவி தன் தோழியோடு நெருக்கமாக இருந்தாள் என்பதை அதிபர் தாயிடம் சொன்னார். பாடசாலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும், வீட்டுக்குச் சொல்லப்படாமல் இருக்கும் உரிமை மாணவிக்கு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் தண்டனைக்கான காரணத்தைப் பெற்றோருக்கு விளக்கும் கடமை அதிபருக்கு இருந்ததால் அவர் செய்தது தவறல்ல என்றும் முடிவுசெய்தது. அடையாளமும் நடத்தையும் ஒரே கடிதத்தில் கலந்துவிடும் இடர்ப்பாட்டுக்கு இது நல்ல சான்று.

2022இல் புளோரிடா ‘கல்வியில் பெற்றோர் உரிமைகள்’ சட்டத்தை இயற்றியதும் அலை திரும்பியது. 2023இல் இந்தியானாவும் வட கரோலினாவும், பிள்ளை பெயரையோ தன்னைக் குறிக்கும் சொல்லையோ மாற்றக் கேட்டால் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்தன. அதே ஆண்டு கலிபோர்னியாவின் சீனோ வெலி கல்விச் சபை இத்தகைய விதியை நிறைவேற்றியபோது, மாநிலச் சட்டமா அதிபரே அதற்கெதிராக நீதிமன்றம் சென்றார். 2024 ஜூலையில் கலிபோர்னியா, மாணவரின் சம்மதமின்றி ஆசிரியரைச் சொல்லவைக்கும் விதிகளைத் தடைசெய்த முதல் மாநிலமாயிற்று. அச்சட்டம் தடுப்பது கட்டாயத்தை. ஆசிரியர் பெற்றோருடன் பேசுவதை அல்ல. பெற்றோரின் அரசியலமைப்பு உரிமையை முன்வைத்த வழக்குகள் அதன் பின்னும் தொடர்ந்தன.

கனடாவும் பிரித்தானியாவும்

ஈழத்தமிழர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவில், மாவட்டக் கல்விச் சபை 2011இலேயே நெறிமுறை வகுத்தது. மாணவரின் வெளிப்படையான முன்சம்மதம் இன்றி அவரது திருநர் அடையாளத்தைப் பெற்றோருக்குச் சொல்லக் கூடாது என்பது அதன் விதி. ஸ்காபரோவின் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

அல்பேர்ட்டா மாகாணத்தின் கதை சட்டத்தின் ஊசலாட்டத்தைக் காட்டுகிறது. 2017இல் வந்த சட்டம், தன்பாலீர்ப்பு, திருநர் மாணவருக்கான ஆதரவுக் கழகத்தில் ஒரு மாணவர் சேர்ந்ததைப் பெற்றோருக்குச் சொல்வதைத் தடுத்தது. 2019இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. 2024இல், 16 வயதுக்குட்பட்டோர் பெயர் மாற்றப் பெற்றோர் சம்மதம் தேவை, 16, 17 வயதினருக்கு அறிவித்தல் தேவை என்று சட்டம் வந்தது. சஸ்காச்சுவான் மாகாணத்தில் இத்தகைய விதியை நீதிமன்றம் 2023 செப்டெம்பரில் இடைநிறுத்தியபோது, மாகாண அரசு அரசியலமைப்பின் விதிவிலக்குப் பிரிவைப் பயன்படுத்தி ஒக்டோபரில் அதையே சட்டமாக்கியது. நியூ பிரன்சுவிக்கில் 2023இல் இறுக்கப்பட்ட விதி, ஆட்சி மாறியதும் 2024 டிசெம்பரில் தளர்ந்தது. ஆட்சி மாறும் ஒவ்வொரு முறையும், தன் இரகசியம் பாதுகாப்பானதா என்று ஒரே பிள்ளை மறுபடியும் கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 28ஆம் பிரிவு, உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’த் தடைசெய்தது. 2003இல் அது நீக்கப்படும்வரை பல ஆசிரியர்கள் மாணவருக்கு ஆறுதல் சொல்லவும் தயங்கினர். 2023 டிசெம்பரில் வெளியான வரைவு வழிகாட்டி, பிள்ளைக்குக் கணிசமான தீங்கு நேரும் அரிதான நிலை தவிர, பெற்றோரைக் கலந்தே முடிவெடுக்கச் சொன்னது.

தமிழ்நாடும் இந்தியாவும்

இந்தியாவில் பெற்றோருக்கு அறிவித்தல் பற்றித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அடித்தளம் உறுதியானது. 2014இல் நால்சா தீர்ப்பு திருநர் தம் அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2017 புட்டசாமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கி, பாலியல் ஈர்ப்பு அதன் இன்றியமையாத பகுதி என்றது. 2018இல், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கூர்மை முறிந்தது. 2019இன் திருநர் சட்டம், நீதிமன்ற ஆணையின்றித் திருநர் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. அதேவேளை 18 வயதுக்குட்பட்டோருக்கான சான்றிதழைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் கோரலாம்.

பாடசாலையை நேரடியாகத் தொட்டது சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிவந்த இரு இளம்பெண்களை ‘காணவில்லை’ என்று பெற்றோர் முறையிட்ட வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தார். தீர்ப்பெழுதுமுன் தாமே உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து இவ்விடயத்தைக் கற்றுக்கொண்டார். பள்ளிகளில் பாலின வேறுபாடற்ற கழிப்பறை, படிவங்களில் மாற்றம், புரிதலுள்ள ஆலோசகர் ஆகியவற்றோடு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பெற்றோருக்கு இதைப் புரியவைக்க வேண்டும் என்றும் அவர் பணித்தார். இந்த நீண்ட வரலாற்றில் மிகுந்த மனிதநேயம் கொண்ட யோசனை அதுதான். ஒரு பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்லாமல், எல்லாப் பெற்றோரையும் முன்கூட்டியே தயார்செய்கிறது அது. அதே ஆண்டு தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் வெளியிட்ட திருநர் மாணவர் பற்றிய ஆசிரியர் கையேடு, சிறுவர் உரிமை ஆணையத்தின் எதிர்ப்புக்குப் பின் இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. எதிர்ப்பின் வேகத்துக்கு அதுவும் ஒரு சான்று.

இலங்கை: 2016 முதல் இன்றுவரை

2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்தது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்த முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில், 365அ பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்ட இருவருடைய வழக்கில் தீர்ப்பை மாற்றாவிட்டாலும், வளர்ந்தோரின் சம்மத உறவுக்குச் சிறை பொருந்தாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் கருதியது. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. குழு, செயற்பாட்டாளர் றொசானா ஃபிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், 365அ பிரிவு பெண்களுக்கான சமவாயத்தை மீறுவதாக முடிவுசெய்தது. தண்டனைச் சட்டக்கோவையின் இப்பிரிவுகளைத் திருத்த நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம், அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அது காலாவதியாயிற்று.

மாணவர் அந்தரங்கத்துக்கு மிக நெருங்கியது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். பாலியல் வாழ்வு, பாலியல் ஈர்ப்பு பற்றிய தரவும், சிறுவர் பற்றிய தரவும் அதில் சிறப்பு வகைத் தரவுகள். அரச நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஆனால் சிறுவர் என்றால் 16 வயதுக்குட்பட்டோர் என்று வரையறுத்து, அவர்களுக்கான சம்மதத்தைப் பெற்றோரிடமோ சட்டப் பாதுகாவலரிடமோ கேட்கச் சொல்கிறது அச்சட்டம். பிள்ளை யாருக்குத் தெரியக் கூடாது என்று அஞ்சுகிறதோ, அவர் கையிலேயே திறப்பைக் கொடுத்தது போலாயிற்று. செயற்பாட்டுப் பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்னர் தள்ளிவைக்கப்பட்டன.

பாடசாலை நடைமுறை

சட்டம் பேசாத இடத்தில் காகிதம் பேசுகிறது. மாணவர் சேர்வு இடாப்பு, வரவு இடாப்பு, முன்னேற்ற அறிக்கை, ஒழுக்காற்றுக் கோவை, இறுதியில் விடுகைப் பத்திரம் என ஒரு பிள்ளையைத் தொடரும் ஆவணங்கள் பல. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் பிள்ளை அழுது சொன்ன வார்த்தை ஒழுக்காற்றுக் கோவையில் ஒரு வரியாக ஏறினால், அதை அலுவலக உதவியாளர் முதல் அடுத்து வரும் அதிபர்வரை எவரும் படிக்கலாம். ‘பெற்றோரை அழைத்து வா’ என்று வகுப்பின் முன் சொல்லப்படும் ஒற்றை வாக்கியமே அறிவித்தலாகிவிடுகிறது. காரணம் என்னவென்று தகப்பன் கேட்கும்போது பிள்ளைக்குப் பொய்யும் கைகொடாது, மெய்யும் கைகொடாது. சிறிய பாடசாலையில் ஆலோசனைக்கெனத் தனியறை இல்லாவிட்டால், ஆசிரியர் ஓய்வறையின் மூலையில்தான் அந்தப் பேச்சு நடக்கும். அந்தரங்கம் முதலில் உடைவது அங்கேதான்.

இரு தரப்பு வாதங்கள்

அறிவிக்க வேண்டும் என்போரின் வாதம் இலேசாகத் தள்ளத்தக்கதல்ல. பிள்ளைக்குச் சோறூட்டுவதும், நோயென்றால் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பெற்றோரே. பிள்ளையின் வாழ்வில் இவ்வளவு பெரிய ஒன்றைத் தம்மைவிட ஆசிரியர் முதலில் அறிந்து மறைப்பது அவர்களுக்கு நோகத்தான் செய்யும். பிள்ளை மனம் உடைந்திருந்தால் வீட்டார் அறியாமல் எப்படித் தேற்ற முடியும் என்றும் கேட்கிறார்கள்.

ஆயினும் கட்டாய அறிவித்தல் இந்த நோவைத் தீர்ப்பதில்லை. அன்புள்ள வீட்டில் பிள்ளை தானாகவே ஒருநாள் சொல்லும்; அங்கே சட்டம் தேவையில்லை. அடியும் வெளியேற்றமும் மந்திரிப்பும் காத்திருக்கும் வீட்டில், சட்டம் பிள்ளையை அவற்றின் கையில் ஒப்படைக்கிறது. ஆசிரியர் சொல்லிவிடுவார் என்று தெரிந்தால் பிள்ளை அவரிடமும் வாய் திறக்காது. அப்போது பெற்றோருக்கும் தெரியாது, பாடசாலைக்கும் தெரியாது.

தேவையான நெறிமுறை

2016 முதல் இலங்கையில் கட்டாயக் கல்வி 16 வயதுவரை நீள்கிறது. பிள்ளை பாடசாலைக்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அரசு, அங்கே அதன் அந்தரங்கத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். கல்வி அமைச்சின் ஒரு சுற்றறிக்கையே அதற்குப் போதும். மாணவரின் பால்நிலையையோ ஈர்ப்பையோ எந்த இடாப்பிலும் கோவையிலும் எழுதக் கூடாது. உயிராபத்தோ துஷ்பிரயோகமோ இருந்தாலன்றி, மாணவரின் சம்மதமின்றி வீட்டுக்குச் சொல்லக் கூடாது. ஆபத்து உள்ளபோதும் ஆபத்தைச் சொன்னால் போதும். அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வீட்டில் பேச விரும்பினால் பயிற்சி பெற்ற ஆசிரியர் கூடவிருந்து உதவ வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், தமிழிலும் சிங்களத்திலும், பெற்றோருக்கு இதைப் பொதுவாக விளக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் பெற்றோரைப் பிள்ளையிடமிருந்து பிரிப்பதல்ல. எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்ற முடிவைப் பிள்ளையிடம் விட்டு, கேட்கும் பக்குவத்தைப் பெற்றோரிடம் வளர்ப்பதே நோக்கம். கொழும்பின் பெரிய கல்லூரிக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவு வண்ணாத்திவில்லுப் பாடசாலைக்கும் இது பொருந்த வேண்டும். போவதற்கு வேறு இடமில்லாத பிள்ளைக்கே இந்தப் பாதுகாப்பு முதலில் தேவை.